முட்டிக்கும் மண்டைக்கும் ஒரு ப்ளான்

வாடா பேராண்டி, இப்படி திண்ணையில குந்து. அந்த புது வூட்டு ப்ளான் காயிதத்தைக் காட்டு.

அடேங்கப்பா! வூட்டுத்தளம் தரையில இருந்து மூணு அடி ஒசரமா? இன்னாத்துக்கு இவ்ளோ ஒசரம், வூட்டுக்குள்ள ராஜா குந்தப் போறாரா? "ரோடு ஏறிகினே போவுது தாத்தா"ன்ற. அது நெசந்தான். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021லயே தலைமைச் செயலாளர் இறையன்பு எழுதினாரு. கடுதாசி போட்டா ரோடு எறங்கிடுமா? ரோடு உன்னைப் பார்த்து ஏறுது, நீ ரோட்டைப் பார்த்து ஏறுற. நடுவுல மாட்டிக்கினது உங்க ஆயாவோட முட்டி.

உனக்குக் கணக்கு நல்லா வரும், ஒரகடத்துல கம்ப்யூட்டர் முன்னாடி குந்திகினு வேலை பார்க்கிறவன். ஒண்ணு கேக்கறேன். சக்கர நாற்காலி ஏற சாய்தளம் போட்டா பன்னெண்டு அடிக்கு ஒரு அடிதான் ஏறலாம்னு விதி. அப்போ மூணு அடிக்கு? முப்பத்தாறு அடி! உன் வாசல்ல ஆரம்பிச்சா எதிர்வூட்டு கோழிக்கூண்டுலதான் போய் முடியும். தெரு பஞ்சாயத்து எடம்டா. அங்க சிமெண்டைக் கொட்டினா அதுக்குப் பேரு சாய்தளம் இல்ல, ஆக்கிரமிப்பு.

அதனால ஒசரத்தைக் கொறை. தேசிய கட்டட விதித்தொகுப்பு கேக்கறதே நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர்தான், நம்ம கணக்குல ஒண்ணரை அடி. அதுக்குப் பதினெட்டு அடி சாய்தளம் போதும். பக்கவாட்டுல விடற காலி எடத்தோட ஒட்டி, ஒரு மடிப்பு மடிச்சு, மடிக்கிற எடத்துல வண்டி திரும்ப சமதளம் விட்டுட்டா, தெருவுல ஒரு விரல் கூட நீளாது. மழைத்தண்ணி உள்ள வரும்னு பயந்தா தெரு ஓரமா வடிகால் வெட்டு.

மேஸ்திரிக்கு வாட்டம் வராதுன்னு சொல்லாத. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி பரமேசுவரவர்ம பல்லவன் காலத்துலயே பாலாத்துத் தண்ணியை இந்தக் கூரத்து ஏரிக்கு வாய்க்கால் வெட்டிக் கொண்டாந்ததைச் செப்பேடு சொல்லுது. அம்மாந்தூரம் வாட்டம் பார்த்தவங்க ஊர்ல பொறந்துட்டு, பதினெட்டு அடிக்கு வாட்டம் வராதா?

வந்தாலும் சரியா வரணும். ஒரு ஆபீசுல சாய்தளம் போட்டுகிறாங்க பாரு, எங்கன்னு சொல்ல மாட்டேன். புள்ளைங்க சறுக்கி விளையாடறதுக்குன்னே போட்டது. கீழ பைக்கு நிக்குது, மேல பூந்தொட்டி நிக்குது. மனுசன் மட்டும் நிக்க முடியாது.

சட்டம் இல்லாம இல்லடா கண்ணு. 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துச்சு. விதி போட்ட நாள்ல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கிற பொதுக் கட்டடத்தை எல்லாம் சரி பண்ணணும்னாங்க. 2017ல விதி போட்டாங்க, அஞ்சு வருஷம் ஓடியே போச்சு. அதுக்கும் முன்னாடியே, 2005ல, ராஜீவ் ரதூரின்னு பார்வை இல்லாத ஒருத்தர் சுப்ரீம் கோர்ட்டுப் படி ஏறினாரு. 2024 நவம்பர்லதான் கோர்ட்டு சொல்லிச்சு: "செஞ்சா நல்லது"ன்னு எழுதி வெச்சா பத்தாது, "செஞ்சே ஆவணும்"னு மூணு மாசத்துல எழுதுங்கன்னு. பாரு, செஞ்சே ஆவணும்னு எழுதறதுக்கே பத்தொம்பது வருஷம்.

நமக்கு இது தூரத்துச் சமாச்சாரம் இல்ல. கூரத்தாழ்வான் பொறந்த ஊரு இது. ராமானுஜருக்காக சோழன் சபையில கண்ணைக் குடுத்தவருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அவரு வூட்டுக் கதவைச் சாத்தினா சத்தம் காஞ்சிபுரம் கோயில் வரைக்கும் கேக்குமாம். எம்மாம் பெரிய கதவு! நீ பாத்ரூமுக்குப் போட்டுகிறியே ரெண்டரை அடி பிவிசி கதவு, நிலை போக உள்ள நுழைய ரெண்டே கால் அடிகூட தேறாது. சக்கர நாற்காலி அங்கயே மாட்டிக்கும். தடையில்லாம தொண்ணூறு சென்டிமீட்டர் வேணும், மூணு அடின்னு வெச்சுக்கோ. செவுரு கட்டும்போதே கைப்பிடி வர்ற எடத்துல கல்லை கெட்டியா வெக்கச் சொல்லு. அப்பால ட்ரில்லை வெச்சு கொடையாத. அந்த வழவழ டைல்ஸை வரவேற்பறையோட நிறுத்திக்கோ, பாத்ரூமுக்கு வேணாம்.

"உத்தரவு வாங்கும்போது இதெல்லாம் யாராச்சும் கேப்பாங்களா?" கேக்க மாட்டாங்க. 2024 ஜூலையில இருந்து சுயசான்றுன்னு ஒண்ணு வந்துகிது. 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், கீழ ஒண்ணு மேல ஒண்ணு, அவ்ளோதான். ஆன்லைன்ல பணத்தைக் கட்டினா உடனே உத்தரவு. யாரும் வந்து பார்க்க மாட்டாங்க. முட்டிவலி மட்டும் கரெக்டா வந்து பார்க்கும், அதுக்கு ஆன்லைன் கிடையாது.

ஆனா வாஸ்துக்காரன் சொன்னா மட்டும் கக்கூஸை இடிச்சு எதிர் மூலையில வெக்கற. படி ஒத்தப்படையில வரணும்னான், அஞ்சு படி போட்டுகிற. அவன் விதிக்கு கெஜட்டும் இல்ல, கோர்ட்டும் இல்ல. சிரிக்காத.

இப்போ மண்டைக்கு வா. மேல வெறும் கான்கிரீட்டு, அதுக்கு மேல வானம். பகல் பூரா வெயிலைக் குடிச்சுட்டு ராத்திரி பூரா உன் மேல கக்கும். 2018ல டெல்லியில வூட்டுக்கு ஒரு விதி போட்டாங்க, கூரை வழியா சூடு எறங்க வரம்பு 1.2ன்னு. வெறும் கான்கிரீட்டு தளம் அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல எறக்கி வுடும். ஆனா அந்த விதி 500 சதுர மீட்டர் மனையில இருந்துதான் ஆரம்பிச்சுது. சின்ன வூடாச்சே, வெயிலு பாவம் பார்த்து விட்டுடும்னு நெனைச்சுட்டாங்க போல. 2024ல நம்ம சர்க்காரு வெயில் அலையையே மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுட்டுது, அதுல மனை அளவு கேக்கல.

எங்க காலத்துல மெட்ராஸ் ஒட்டு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணி தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா குந்தி கட்டையால தட்டித் தட்டி இறுக்குவாங்க. அதுக்கு மேல தட்டோடு. மெத்தையில சூடு எறங்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். இப்போ அவ்ளோ ஆளு கெடைக்காது, ஒத்துக்கறேன். ஆனா ஜல்லி சுருக்கி போட்டு தட்டோடு பதிக்க மேஸ்திரி இன்னும் கீறாங்க. அதுவும் முடியலன்னா வெள்ளை ஓடு, இல்ல வருஷா வருஷம் பங்குனிக்கு முன்னாடி மாடியில ரெண்டு கோட்டு சுண்ணாம்பு. கம்பெனிக்காரன் வெயிலைத் திருப்பி அடிக்கிற பெயிண்டுன்னு டப்பாவுல விக்கிறான், வாங்கறதும் வாங்காததும் உன் இஷ்டம். மேற்கால செவுத்துல சன்னலைக் கொறைச்சு, ஒரு புங்கமரம் நடு. வெள்ளையடிக்க, ஓடு மாத்த, பூச எல்லாம் எவன்கிட்டயும் உத்தரவு கேக்க வேணாம்.

நம்ம உத்திரமேரூர்ல குடவோலைக்குப் பேரு எழுதணும்னா சொந்த மனையில வூடு இருக்கணும், வயசு முப்பத்தஞ்சுக்கு மேல, எழுபதுக்குள்ள இருக்கணும். சோழன் காலத்துக் கல்வெட்டு. எழுபது தாண்டினவன் மண்டபத்துப் படி ஏறக் கஷ்டப்படுவான்னு தெரிஞ்சுதான் ஒதுக்கினானோ என்னமோ. எனக்கு எழுபது தாண்டி ரொம்ப நாளாச்சு. உன் கிரகப்பிரவேசத்துக்கு நான் வரணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு.

"ஒத்தப்படைக்கு இன்னா பண்றது தாத்தா?"

அதை நான் வாஸ்துக்காரன்கிட்ட பேசிக்கறேன். அஞ்சுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு, வாசல்ல அரை அங்குலம் ஒசரத்துல, சக்கரம் சுளுவா ஏறி எறங்கற மாதிரி. எண்ணிக்கை ஒத்தப்படைதானே? போய் மேஸ்திரிக்கு போனைப் போடு, கடக்கால் தோண்டறதுக்கு முன்னாடி.