எலும்பும் உண்டு, மொய் நோட்டும் உண்டு

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். எம்.ஏ. மானுடவியலுக்கு விண்ணப்பிக்க ஆசை. "எலும்புக்கூட்டை எண்ணவா போகிறாய்?" என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்ல?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: எலும்பும் உண்டு என்று ஒப்புக்கொள்ளுங்கள்! உடல்சார் மானுடவியல் இத்துறையின் ஒரு கிளை. ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் மொய் நோட்டும் பாடம்தான். வணிகவியல் அதில் வரவு செலவைப் பார்க்கும். மானுடவியல், யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்று பார்க்கும். மார்செல் மோஸ் 1925-இல் எழுதிய அன்பளிப்பு பற்றிய ஆய்வு முழுக்க இதைப் பற்றியதுதான். கணக்கு தெரிந்திருப்பது உங்களுக்குக் கூடுதல் பலம்.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் மானுடவியல் துறை இருக்கிறது. புதுச்சேரிக்கு க்யூட் பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள். தகுதி விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள், பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்காதீர்கள்.

நேர்காணலிலோ நோக்கக் கட்டுரையிலோ "சிறுவயது முதலே மனிதர்கள்மீது ஆர்வம்" என்று தொடங்க வேண்டாம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். உங்கள் ஊரில் மொய் எழுதும் உரிமை யாருக்கு, பெண்கள் பெயரில் எப்போது எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு சொந்தக் கேள்வியோடு போங்கள்.

அப்பாவிடம் சொல்ல ஒரு தகவல்: ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் மானுடவியல் 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடம். எம்.ஏ.வுக்குக் கடைசி நாள்வரை காத்திராமல் விண்ணப்பித்துவிடுங்கள்.