முடிப் பழுது நீக்கும் உரிமம் கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: அழகுசாதனப் பிரிவு, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, புதுதில்லி.

ஐயா,

சேதமான முடியைச் சரிசெய்ய இந்த நாட்டில் உரிமம் பெறத் தகுதியான முதல் நிறுவனம் பழனி முடிக்கொட்டகை என்று அறிவிக்கக் கோருகிறோம். காரணம் பக்தி அல்ல, உயிரியல். தலைத்தோலைத் தாண்டி வந்துவிட்ட முடி உயிரற்ற கெரட்டின் நார். அதில் ரத்த ஓட்டம் கிடையாது. புண் ஆறுவதுபோல் அது ஆறாது. வெடித்த நுனியைச் சிலிக்கோன் பூசிச் சில குளியல்வரை படிய வைக்கலாம். எங்கள் ஊர்க் கடைகளில் சரம்சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள் அதைத்தான் ‘ரிப்பேர்’ என்கின்றன. வாங்குபவரைத் தவறாக நம்பவைக்கும் எதையும் அழகுசாதனப் பொருள் சொல்லக்கூடாது என்பது 2020-ஆம் ஆண்டு விதி. அந்த விதிக்குப் பிறகும் பாக்கெட்டுகள் தொங்குவதால் அவை உண்மை பேசுகின்றன என்றே கொள்வோம். அப்படியானால், கெட்டதை அடியோடு எடுத்து, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் வளரும் புதுமுடிக்கு வழிவிடும் பழனிக்கு மட்டும் ஏன் உரிமம் இல்லை? 2021 முதல் அங்கே மொட்டைக்குக் கட்டணமும் இல்லை. மொட்டை எல்லாருக்கும் ஆகுமா என்பீர்கள். ஆகாது. நுனியை வெட்டிவிடும் முடிதிருத்தகங்களுக்குத் துணை உரிமம் தரலாம், தத்துவம் ஒன்றுதான்.

முடி கெடும் வழியையும் பார்க்க வேண்டும். செம்பட்டை என்று பாட்டிமார் எண்ணெய் வைத்து அடக்கிய நிறத்தை இப்போது காசு கொடுத்து வரவழைக்கிறார்கள். அதில் குற்றமில்லை, தலை அவரவருடையது. ஆனால் பெராக்சைடும் பெர்சல்பேட்டுப் பொடியும் முடியின் செதில்களைத் தாண்டி மெலனினைச் சிதைக்கும்போது, முடிக்கு வலுத்தரும் கந்தகப் பிணைப்புகளையும் அறுத்துவிடுகின்றன. திருப்பூரில் பனியன் துணி வெளுப்பதும் பெராக்சைடில்தான். அங்கே சூட்டையும் நேரத்தையும் அளப்பார்கள். மிச்சப் பெராக்சைடை நீக்கிவிட்டே துணியைச் சாயத்துக்கு அனுப்புவார்கள். துணி வீணானால் ஆர்டர் போய்விடும். தலை வீணானால் தொப்பி. முடி வெளுக்கும் சரக்கின் பெட்டிக்குள் செய்முறைத் தாள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கடுகளவு எழுத்தில். 48 மணி நேரம் முன்பே தோலில் தடவிப் பார், ஒரு கற்றையில் சோதி, ஏற்கெனவே வெளுத்த முடியில் மறுபடி போடாதே என்பவைதான் வீட்டில் வெளுப்பவருக்கு உண்மையான காவல். பெட்டியில் ‘20 வால்யூம்’ என்றிருந்தால் 6 சதவீதப் பெராக்சைடு என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியம் முடிக்கு 12 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. இவற்றைப் பெட்டியின் முகப்பில், ‘ரிப்பேர்’ அளவு எழுத்தில், தமிழில் அச்சிடச் சொன்னால் தங்கள் பேனாவுக்கு என்ன சேதம்? இயற்கை வழியே நல்லது என்பாரும் உண்டு. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு தாராபுரத்து வெயிலில் நின்றால் தோல்தான் முதலில் வெந்து கறுக்கும். மருதாணியோ கறுப்பை வெளுக்காது, மேலே செம்மை ஏற்றும்.

தேங்காயெண்ணெய் போதாதா என்ற கேள்வி காங்கயத்துக் கொப்பரைக் களங்களிலிருந்து வரக்கூடும் என்பதால் பதமாகப் பதில் சொல்கிறோம். குளிக்குமுன் அதைத் தேய்த்தால் முடியிலிருந்து புரதம் வெளியேறுவது குறைகிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. (ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தார், ஆனாலும் முடிவை ஒதுக்கிவிட முடியாது.) அது வரும் சேதத்தைத் தடுப்பதே தவிர, வந்த சேதத்தை மீட்பதல்ல. பிணைப்பை ஒட்டுவதாகச் சொல்லும் புதுச் சரக்குகள் வெளுக்கும்போது சேதத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். பழைய முடியைத் திருப்பித் தராது. சிறு பாட்டில் தேங்காயெண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்று வரிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2018-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் இருவேறாகத் தீர்ப்பளித்தார்கள். மூவர் அமர்ந்து முடித்துவைக்க 2024 டிசம்பர் ஆயிற்று. வரிக்காக ஒரு பாட்டிலை இவ்வளவு உற்றுப் பார்க்கும் அரசு, அதன் பக்கத்தில் தொங்கும் பாக்கெட்டையும் ஒருமுறை திருப்பிப் படிக்கலாம்.

உரிமம் தருமுன் நேரில் ஆய்வு வேண்டுமென்றால் அதிகாரியைத் திருப்பூரிலிருந்து பழனி பஸ் ஏற்றிவிடுங்கள், தாராபுரம் வழியாகவே போகும். மாதிரிக்குத் தனியாக எதுவும் கொண்டுவர வேண்டாம், தலையோடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
தாராபுரத்து நுகர்வோர் ஒருவர்