விசா மாறிச்சி சரி, கணக்கு மாறிச்சா நைனா?

உனக்கு எச்-1பி கெடச்சதுக்கு உங்கம்மா அலிபிரியிலேருந்து 3,550 படி ஏறி, முடி குடுத்துட்டு வந்துட்டா. ஏழுமலையானுக்குச் சேர வேண்டியது சேந்துபோச்சி. அமெரிக்கா சர்க்காருக்குச் சேர வேண்டியதுதான் இன்னும் உன் பாக்கெட்டுலயே கீதாமே?

அக்டோபர் 1ஆந் தேதி விசா மாறியும், சம்பளம் பைசா கொறையாம வருதுன்னு சித்தூர் பூரா போன் போட்டுச் சொல்றியாம். அடடா, எப்பேர்ப்பட்ட கம்பெனி! நான் மாங்கா மண்டியில கணக்கு எழுதினவன் நைனா. கமிசன் பிடிக்காத மண்டிய நான் கண்டதில்ல. பிடிக்கலேன்னா மறந்துட்டான்னு அர்த்தம். ஞாபகம் வந்ததும் மொத்தமாப் பிடிப்பான்.

விசயம் இதான். எஃப்-1ல படிக்கப் போனவன், படிப்பு முடிஞ்சி ஓபிடி அனுமதியில வேலை பாத்தாலும், மொத அஞ்சு காலண்டர் வருசத்துக்கு சோசியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் கட்டத் தேவையில்ல. எச்-1பி ஆன நாள்லேருந்து கட்டணும். அது 6.2 சதவீதம், இது 1.45. மாசம் 6,000 டாலர் சம்பளம்னா 459 டாலர் போவும். கம்பெனியும் தன் பங்குக்கு அதே 459 போடணும்.

விசா ஆபீசே உன் கம்பெனி பேரோலுக்குச் சேதி சொல்லிடும்னு நெனச்சியா? எச்-1பி ஓகே ஆச்சின்னு வர்ற ஐ-797 காயிதம் வக்கீல் கைக்கு வந்து, எச்ஆர் கைக்குப் போயி, அங்கியே தூங்கும். பேரோல் கம்ப்யூட்டர்ல நீ இன்னும் பை தூக்கிகினு காலேஜ் போற புள்ள. காணிப்பாக்கம் புள்ளையார் முன்னால நின்னு 'நான் ஸ்டூடண்ட்'னு ஒருவாட்டி சொல்லேன், பாப்போம்!

விசாவே மாறாத உன் சிநேகிதன், அந்தப் புத்தூர் பையன், ரொம்பச் சிரிக்க வேணாம்னு சொல்லு. 2021 ஆகஸ்டுல போய் எறங்கினாலும் அந்த வருசம் முழுசா ஒண்ணுன்னுதான் கணக்கு. 2025ஓட அஞ்சும் தீந்துபோச்சி. 2026 ஜனவரிலேருந்து ஓபிடி சம்பளத்துலயும் பிடிக்கணும்.

வருமான வரி வேற கத. அந்த அஞ்சு வருசத்துக்குள்ளயே எச்-1பி ஆச்சின்னா, அக்டோபர்லேருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் 92 நாள்தான். ரெசிடெண்ட் ஆக்குற 183 நாள் கணக்குக்கு எட்டாது. அந்த வருசத்துக்கு 1040-என்ஆர்தான். அடுத்த வருசம் 183 சேரும்போது புது டபிள்யூ-4 எழுதிக் குடு. சோசியல் செக்யூரிட்டியும் வருமான வரியும் ஒரே நாள்ல மாறும்னு வாட்சப்புல சொல்றவனுக்குப் பெரிய கும்பிடாப் போட்டுடு.

கட்டுற காசு திரும்பி வருமான்னு கேக்குற. 40 கிரெடிட், அதாவது பத்து வருச வேலை, சேரலேன்னா அங்க பென்சன் கெடையாது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதுக்கு ஒப்பந்தமும் இல்ல. நியாயமில்லதான். அதுக்காகக் கட்டாம இருக்க முடியுமா? குபேரன் கடனுக்கு அந்தப் பெருமாளே இன்னும் வட்டி கட்டுறாரு, நீ எந்த மூலைக்கு?

கம்பெனி லேட்டா முழிச்சிகினா, உன் பங்கைப் பின்னால வர்ற சம்பளத்துல பிடிக்கலாம். டபிள்யூ-2வையும் திருத்தணும். ஓபிடி காலத்துலயே தப்பாப் பிடிச்சிருந்தா, மொதல்ல கம்பெனியைக் கேளு. கைய விரிச்சாங்கன்னா ஃபாரம் 843 போடு.

ஊருக்கெல்லாம் போன் போடுறவனே, பேரோலுக்கு ஒரு மெயில் போடு. விசா மாறின தேதி, ஐ-797 நகல், அவ்ளோதான். அடுத்த மாசம் சம்பளம் கொறைஞ்சா அழுவாத. கணக்கு நேராச்சின்னு அர்த்தம்.