அடுத்த மாடல் அண்ணன்

ஊருக்கு ஒருவர் இருப்பார் என்பார்கள். திருத்தணிப் பக்கத்து நெசவு ஊரான அம்மையார்குப்பத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். வயது நாற்பத்தைந்துக்கு மேல், அறுபதுக்குள். வீட்டை ஒட்டி நாலு விசைத்தறி, கொஞ்சம் வசதி என்றால் எட்டு. சட்டைப் பையில் ஐந்து வருஷத்துப் பழைய போன். அதன் திரையில் இடது மூலையில் புறப்பட்டுக் கொசஸ்தலை ஆறு மாதிரி வளைந்து நெளிந்து போகும் ஒரு விரிசல். புது போன் வாங்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருப்பார். எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரே பதில்தான்:

"அடுத்த மாடல் வரட்டும். பாத்துனு இருக்கேன்."

இவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் உண்டு. டீக்கடையில் அது செல்லாது. அங்கே இவர் அடுத்த மாடல் அண்ணன்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்ணின் காதுகுத்துக்குத் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டவர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு வருஷம் தவறாமல் மோர் ஊற்றுகிறவர். விஷயம் தெரியாதவரும் இல்லை. கடைத்தெரு மொபைல் கடைத் தம்பிக்கே பாடம் எடுப்பார். "200 மெகாபிக்சல்னு போர்டு வெச்சிருக்கியே, அதுல எடுத்தா படம் எத்தினி மெகாபிக்சல் வரும் தெரியுமா? பதினாறு புள்ளிய ஒண்ணாச் சேத்து ஒரு புள்ளி ஆக்குறான். பன்னண்டரைதான் வரும்." தம்பி வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி விழும். "ஏழு வருஷத்துக்கு அப்டேட் குடுக்குறோம்னு கூகுள்காரன் சொல்றான், சாம்சங்காரன் சொல்றான். அப்ப ஏழு வருஷம் போன் நல்லா இருக்கும்னுதானே அர்த்தம்? பின்ன எதுக்குடா வருஷா வருஷம் புதுசு வுடுறான்?"

இந்தக் கேள்விக்குக் கலிபோர்னியாவிலேயே பதில் இல்லை. கடைத்தெருவில் எங்கே இருக்கப் போகிறது?

இவரைக் கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் போன் வாங்குவதில்லை. பாவு பிணைக்க வருகிறவர் கேட்பார், பால்காரர் கேட்பார், பள்ளிப்பட்டிலிருந்து வந்த மச்சான் கேட்பார். ஒவ்வொருவருக்கும் பட்ஜெட் கேட்டு, கை எவ்வளவு பெரியது என்று பார்த்து, பிள்ளைகள் கேம் ஆடுமா என்று விசாரித்து, கச்சிதமாக ஒரு மாடலைச் சொல்லி அனுப்புவார். சொன்னது தப்பாது. மூன்றாம் நாள் அவர்கள் புது போனோடு வந்து காட்டுவார்கள். அண்ணன் அதை வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் தறிகளுக்கு நடுவே போய் நின்று, பழைய போனிலிருந்து அந்த நம்பருக்கு ரிங் விடுவார். எட்டுத் தறியும் சேர்ந்து போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலே கேட்காது. அதையும் மீறி ரிங் கேட்டால்தான் போன் தேறியது. இந்தப் பரீட்சையை எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் போடுவதில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணன் முகத்தில் ஒரு சின்ன ஏக்கம் ஓடும். அரை நிமிஷம்தான். "நல்லா இருக்குது. ஆனா அடுத்த மாசம் இதுக்கு மேல ஒண்ணு வருது" என்பார். வாங்கியவன் வயிற்றில் புளி கரையும்.

யோசித்துப் பார்த்தால், அண்ணன் வாழ்க்கையில் தானாக முடிவெடுத்து ஒரு போன்கூட மாற்றியதில்லை. முதல் போன் நோக்கியா 1100. 2003-ல் வந்த அந்த போனுக்கு டார்ச் உண்டு, தூசி புகாத பட்டன் உண்டு. பஞ்சு பறக்கும் தறிக்கூடத்துக்கென்றே செய்ததுபோல இருந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றதில் ஒன்று அண்ணனுடையது. அது சாயத் தொட்டியில் விழுந்தது. அண்ணனாக விடவில்லை, அதுவாக விழுந்தது. அடுத்தது ஒரு டச் போன். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்து ஊரெல்லாம் இலவசமாகப் படம் பார்க்க, அது 4ஜி இல்லாத போன் என்பதால் ஒதுங்கியது. இப்போது கையில் இருக்கும் மூன்றாவது, கொரோனா காலத்தில் பையனின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. பையன் கல்லூரிக்குப் போனதும் வேறு போன் கேட்டான், இது அப்பாவுக்கு இறங்கி வந்தது. ஆக இரண்டு முறையும் விதிதான் முடிவெடுத்தது. அண்ணன் சாட்சிக் கையெழுத்துதான் போட்டார்.

2025-ல் நடந்ததைச் சொன்னால் இவர் போக்கு முழுதாகப் புரியும்.

ஆடித் தள்ளுபடி போர்டு கடைகளில் தொங்கியபோது "செப்டம்பர்ல ஐபோன் வருது. அது வந்தா மத்ததெல்லாம் விலை இறங்கும்" என்று ஒதுக்கினார். செப்டம்பர் 9-ஆம் தேதி ஐபோன் 17 அறிமுகமானது. நம் நேரப்படி இரவு பத்தரை மணிக்கு அமெரிக்காவில் ஆரம்பித்த விழாவைத் தறியை நிறுத்திவிட்டு அந்த விரிசல் திரையில் பார்த்தார். இந்திய விலை 82,900 ரூபாய். "ஸ்ரீபெரும்புதூர்லதான் செய்யறான். பக்கத்து மாவட்டம். நம்ம ஊர்ச் சரக்குக்கு நமக்கே இவ்வளவு விலையா?" என்று டீக்கடையில் நியாயம் கேட்டார்.

பின் தெருப் பெண் ஒன்று அங்கே பாக்ஸ்கானில் வேலை செய்கிறது. 2019-லிருந்தே அங்கே ஐபோன் பூட்டுகிறார்கள். லீவுக்கு வந்த பெண்ணை அண்ணன் வழிமறித்தார்.

"ஏம்மா, புதுசு எப்படி இருக்குது? உள்ள இன்னா மாத்தியிருக்கான்?"

"எனக்குத் தெரியாதுண்ணா. எங்க லைன்ல ஸ்க்ரூ மட்டும்தான்."

"நீ எந்த போன் வெச்சிருக்க?"

அந்தப் பெண் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு ஒன்றைக் காட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியது. அண்ணன் இதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். "பூட்டறவளே வாங்கல. யோசிக்கணும்."

வீட்டில் அண்ணி யோசித்து முடித்திருந்தார். அந்த வாரம் சென்னையில் ஒரு சவரன் 81 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. "அந்தக் காசுக்கு ஒரு சவரன் வருது. ரெண்டு வருஷம் கழிச்சு போனைக் கொண்டுபோய்க் குடுத்தா இன்னா தருவான்? சவரனைக் கொண்டுபோய்க் குடுத்தா இன்னா தருவான்?" என்றார். அண்ணன் எதிர்வாதம் செய்யவில்லை. "நீயும் பொறு, தங்கமும் இறங்கும்" என்றார். ஒரே மாதத்தில் சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டியது. அதற்கப்புறம் அந்த வீட்டில் காபியின் சூடு குறைந்துவிட்டதாகக் கேள்வி.

இதற்கு நடுவில் செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைகிறது என்று செய்தி வந்தது. அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "22-ஆம் தேதி வரைக்கும் எவனும் எதையும் வாங்காதீங்கடா" என்று தெருவுக்கே ஊரடங்கு போட்டார். 22-ஆம் தேதி வந்தது. பெரிய டிவிக்கும் ஏசிக்கும் 28 சதவீதம் 18 ஆனது. போனுக்கு 2020-லிருந்து இருந்த அதே 18. இவர் பேச்சைக் கேட்டுக் காத்திருந்த பால்காரர், அந்தக் காசில் டிவி வாங்கிக்கொண்டு போனார். அண்ணன் தீபாவளி ஆஃபருக்குத் தள்ளினார். தீபாவளிக்கு நூல்காரருக்குப் பாக்கி. வருஷக் கடைசி ஆஃபர் வருமே என்றார். மார்கழியில் புதுசு வாங்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். தை பிறந்தபோது, பிப்ரவரியில் சாம்சங் வருது என்று வழி பிறந்தது.

ஆந்திராவுக்கும் நமக்கும் நடந்த எல்லைச் சண்டையே தீர்ந்த ஊர்ப்பக்கம் இது. ம.பொ.சி. போராடினார், மத்தியஸ்தராக வந்த படாஸ்கர் தீர்ப்புச் சொன்னார், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, கதை முடிந்தது. அண்ணன் விஷயத்தில் படாஸ்கர் வந்தாலும் அடுத்த கமிஷன் வரட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒரு தடவை முடிவு தானாகவே அவர் மடியில் வந்து விழப் பார்த்தது. காலையில் எழுந்தால் போன் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜர் மாற்றிப் பார்த்தார், ஒயர் மாற்றிப் பார்த்தார். அசையவில்லை. அன்றைக்கு அண்ணன் முகத்தில் இருந்த களை கல்யாணத்தன்றுகூட இருந்திருக்காது. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சீட்டு எடுத்த பணத்தில் ஐம்பதாயிரத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைத் தம்பி போனைக் கவிழ்த்து, சார்ஜர் செருகும் ஓட்டையை வெளிச்சத்தில் பார்த்தான். மெல்லிசாக ஒரு குச்சியை விட்டுச் சுரண்டினான். பஞ்சு வந்தது. இன்னும் சுரண்டினான். இன்னும் வந்தது. ஃபேனும் தறியும் நாள் முழுக்கப் பறக்கவிடுகிற நூல் தூசி, போன் சட்டைப் பைக்குள் போய் வரும்போதெல்லாம் உள்ளே அடைந்து, ஒவ்வொரு முறை சார்ஜர் செருகும்போதும் அழுந்தி, கெட்டித்துப் போயிருந்தது. மேலே அரக்கு, அதற்குக் கீழே மாம்பழ மஞ்சள், அடியில் மயில்கழுத்து. அந்த வருஷம் அண்ணன் என்னென்ன கலர் பாவு ஓட்டினார் என்று தேதிவாரியாகப் படித்துவிடலாம். தம்பி சார்ஜரைச் செருகினான். ஏறியது.

"அம்பது ரூபா குடுண்ணா."

அண்ணன் கொடுத்தார். ஐம்பதாயிரம் தப்பியதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முகம் ஒத்துழைக்கவில்லை. "பேட்டரி இன்னாடா லட்சணத்துல இருக்குது?" என்று கடைசி நம்பிக்கையோடு கேட்டார். "ஐந்நூறு தடவை முழுசா ஏத்தி இறக்கினா எந்த பேட்டரியும் கொஞ்சம் சுருங்கும்ணா. மாத்திட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றான் அந்தப் பாவி. விற்கிறவன் வாயிலிருந்து இப்படி வந்தால் மனுஷன் என்னதான் செய்வான்? (தறிக்காரர்கள் கவனத்துக்கு: இரும்பு ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். போனை அணைத்துவிட்டுப் பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுங்கள்.)

அவருக்கு நிஜமாகவே புது போன் தேவைப்பட ஒரே ஒரு காரணம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெய்த சேலையைப் படமெடுத்து வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பழைய போனில் அரக்கு போனால் அங்கே கருப்பாகத் தெரிகிறது, "இதை யார் கட்டுவா?" என்று குரல் செய்தி வருகிறது. பையனின் புது போனில் எடுத்து அனுப்பிப் பார்த்தார். அரக்கு குங்குமச் சிவப்பாகப் பளபளத்தது. வியாபாரி அன்றைக்கே ஆர்டர் போட்டு, சரக்கு போனதும் "போட்டோவுல ஒண்ணு, மூட்டையில ஒண்ணா?" என்று சண்டை போட்டார். புது போன்களின் கேமராவும் திரையும் கலரைக் கொஞ்சம் தூக்கித்தான் காட்டும். எனவே வாங்கினால் வம்பு, வாங்காவிட்டால் நஷ்டம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனின் தயக்கத்தில் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

கடைசியில் முருகனிடம் போனார். திருத்தணி மலையில் படி 365. ஒவ்வொரு படியிலும் ஒரு மாடலை நினைத்து ஒதுக்கிக்கொண்டே ஏறியதாகச் சொல்கிறார். சன்னதியில் வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் வாங்குவது, வெள்ளை வந்தால் விடுவது. அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். பிரித்தால் சிவப்பு. கூடப் போயிருந்த அண்ணியே, "சரி, சாமியே சொல்லிடுச்சு. வாங்கித் தொலைங்க" என்று இறங்கி வந்துவிட்டார்.

அண்ணன் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "வாங்கச் சொல்லிட்டான். எந்த மாடல்னு சொல்லலியே."

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். புது போன் வாங்குவதாக இருந்தால் அவரைத் தாராளமாகக் கேளுங்கள். கடைக்காரனைவிடச் சரியாகச் சொல்வார், கமிஷனும் கேட்க மாட்டார். ஆனால் கேட்ட கையோடு வாங்கிவிடுங்கள். வாங்கியதை ஒரு மாதத்துக்கு அவர் கண்ணில் காட்டாதீர்கள்.