யாரோ போட்ட கையெழுத்து

கணினியை எழுப்பும் ஃபர்ம்வேருக்கான யூஇஎஃப்ஐ விதிநூல் 2000 பக்கங்களைத் தாண்டும். அதில் ஒரு சின்ன விதி: நெட்வொர்க் கார்டு பாக்கெட்டை அனுப்பி முடித்ததும், அதை வைத்து நாம் கொடுத்த பஃபரின் (நினைவக இடத்தின்) முகவரியை ஃபர்ம்வேர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சில ஃபர்ம்வேர்கள் வாய்க்கு வந்த முகவரியைச் சொல்கின்றன. பதிவுத் தபாலுக்கு ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது, கையெழுத்துதான் யாருடையதோ!

கிரப் பூட்லோடரை எழுதியவர்கள் சண்டைக்குப் போகவில்லை. எந்த முகவரி வந்தாலும் சரி, காலியாக இல்லாவிட்டால் பாக்கெட் போய்விட்டதாகவே வைத்துக்கொள்வோம் என்று நிரலிலேயே எழுதிவிட்டார்கள். அந்த நேரத்தில் கார்டு கிரப்பின் தனிப்பிடியில் இருக்கிறது, போவதும் ஒரு தடவைக்கு ஒரே பாக்கெட், அதனால் பாதகமில்லையாம். விதியை மீறியது ஃபர்ம்வேர். பூட் ஆகாவிட்டால் திட்டு வாங்குவதென்னவோ கிரப் போன்ற கட்டற்ற மென்பொருள். விண்டோஸ்தான் கிளம்பிவிடுகிறதே, அப்புறம் ஃபர்ம்வேர் எழுதுபவர்களில் யார் விதிநூலைப் புரட்டுவது?