லேத்துக்காரன் கண்ட வெளிச்சம்

ஏங்கண்ணு, ஒளித்துடிப்பு பட்டா குறைக்கடத்தியோட படிக அமைப்பே மாறிப்போகுதுன்னு என்னமோ நேத்துத்தான் கண்டுபுடிச்சாப்பல வந்து சொல்றயே, அது உன்ற மாமனுக்கு நீ பொறக்கறதுக்கு முன்னாலயே தெரியும். அழிச்சு எழுதற சீடியில கல்யாண வீடியோவ வெச்சிருந்தவன், அதும்மேலயே ரஜினி படத்த ஏத்திப்போட்டான். உன்ற அத்தை இன்னமும் அவங்கிட்ட மொகங்குடுத்துப் பேசறதில்ல.

அந்தத் தட்டத் திருப்பிப் பாரு. எழுதுன பக்கம் ஒரு நெறம், எழுதாத பக்கம் ஒரு நெறம், நடுவால மெல்லிசா ஒரு வட்டக்கோடு. உள்ளுக்குள்ள வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் கலந்த படலம் இருக்குது. லேசரு ஓங்கி ஒரு போடு போட்டு ஒரு பொட்ட உருக்கீட்டு, வெடுக்குன்னு ஒதுங்கிக்கும். வரிசை கட்ட நேரமில்லாம அணுவெல்லாம் தாறுமாறா ஒறஞ்சு போகும். அந்த எடம் வெளிச்சத்தக் கம்மியாத்தான் திருப்பும். அழிக்கோணும்னா உருகாத அளவுக்கு எளஞ்சூடு, கொஞ்சம் நின்னு காட்டோணும். அணுவெல்லாம் மறுக்கா ஒழுங்கா உக்காந்துக்கும். கொஞ்சம்னா, நீ கொட்டாவி உடறதுக்குள்ள கோடித் தடவ முடிஞ்சிரும். கொதிக்கற சக்கரப்பாகப் பச்சத்தண்ணியில ஊத்துனா கண்ணாடி, நூலத் தொங்கவுட்டு மெதுவா ஆறவெச்சா கல்கண்டு. உன்ற ஆத்தாளக் கேட்டிருந்தா செமஸ்டர் பீஸு மிச்சம்.

இத ஆரம்பிச்சு வெச்சவம்பேரு ஸ்டான்ஃபோர்டு ஒவ்ஷின்ஸ்கி. பேரக் கேட்டு அந்தப் பெரிய யூனிவர்சிட்டியில படிச்சவன்னு நெனச்சுக்காதே. அது ஊட்டுல வெச்ச பேரு. 1922ல அமெரிக்காவுல ஆக்ரான்ங்கற ஊர்ல பொறந்து, காலேஜு வாசப்படி மிதிக்காம லேத்தோட கெடந்தவன். புதுசா ஒரு லேத்தே செஞ்சு அதுக்கு அப்பம்பேர வெச்சான். 1968ல, ஒழுங்கில்லாத கண்ணாடிப் பொருள்ல மின்சாரம் பாய்ச்சுனா அதோட கொணம் மாறி மாறித் திரும்புதுன்னு எழுதுனான். 1971ல கூட்டாளிகளோட சேந்து லேசர்லயும் செஞ்சு காட்டுனான். படிச்சவிய நெறயாப் பேரு மொகத்தச் சுளிச்சாங்க. நம்மூரு ஜி.டி. நாயுடு மட்டும் எந்தக் காலேஜுல டிகிரி வாங்கீட்டு 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸு உட்டாரு?

அதனால ஆவாரம்பாளையத்துப் பக்கம் போறப்ப, கையெல்லாம் கிரீஸோட நிக்கற சித்தப்பனப் பாத்து போன எடுத்துக் காதுல வெச்சுக்காதே. உனக்கும் ஒருநாளைக்கு ஆராய்ச்சி சாமானுக்கு ஒரு பிளேன்ஜ் கடையோணும்னு வரும்.

"அதெல்லாம் பழசு அப்பாரு, ஃபெம்டோ நொடி லேசர்ல சூடு ஏறறதுக்கு முன்னாலயே அணு நகந்துருது"ங்கறே. மெய்தாஞ்சாமி. எலக்ட்ரான உலுப்பிவுட்டா பிணைப்பு தளந்து போகும், சூட்டுக்கு அங்க காத்திருக்க வேலையில்ல. வெளிச்சமே இல்லாமக்கூட ஆகுது: பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில பவன் நுகலா, பென்சில்வேனியாக்காரங்களோட சேந்து 2024ல இண்டியம் செலினைடுக் கம்பியில மின்சாரம் பாய்ச்சி, உருக்காமயே படிகத்தக் கொலச்சுக் காட்டுனாங்க. அங்க சேரோணும்னா போ. உருக்காம எப்புடிக் கொலச்சீங்கன்னு மொதல்ல கேளு. மார்க்கு ஷீட்ட அப்பறமா நீட்டிக்கலாம்.