20 ஜூலுக்கு உட்பட்டது

துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் ஆர்.எஸ்.புரத்தில் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். முதலில் முகத்தை, அப்புறம் தொப்பையை. இரண்டுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று பிடிபடாமல், கடைசியில் "லைசென்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டு முடித்துக்கொள்கிறார்கள்.

வேண்டியதில்லை. என்னுடையது ஏர் ரைபிள். 2016 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் .177 அங்குலத்துக்கு மிகாமலும், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொடுத்தால் கடைக்காரர் பதிவேட்டில் எழுதிக்கொண்டு கையில் தந்துவிடுவார். அரை கிராம் ஈயக் குண்டு நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் கணக்கு 19.6 ஜூல் வரும். மிச்சமிருக்கும் 0.4 ஜூல்தான் அரசாங்கம் என் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை.

எங்கள் செட்டில் மூன்று பேர். நான், ஸ்பின்னிங் மில்லில் இருந்து ரிட்டயர் ஆன எதிர்வீட்டு மாமா, ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். இரவு சாப்பாடு முடிந்ததும் யூடியூபில் உட்காருவோம். அமெரிக்காவில் யாரோ ஒரு புண்ணியவான் தன் வீட்டு கார் ஷெட்டில் அரை தானியங்கி ரைபிள் ஒன்றைப் பிரித்து மேசையில் பரப்பியிருப்பார். பக்கத்தில் முப்பது குண்டு பிடிக்கும் மேகசீன்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். மூன்று பேரும் பெருமூச்சு விடுவோம். நம் நாட்டில் அந்த வகை சாமானியனுக்கு எட்டாத வரிசையில் இருக்கிறது. முறையாக லைசென்ஸ் வாங்கிய ஆளுக்கே அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .315 ரைபிள் கிடைத்தால் பெரிய விஷயம். அதிலும் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும்.

ஆனால் எங்கள் பெருமூச்சு சுட முடியவில்லையே என்பதற்காக அல்ல. அந்த மேசைக்காக. அத்தனை பார்ட், அத்தனை ஸ்குரூ, அத்தனை ஸ்பிரிங்! இது ஊர்க் குணம். ஜி.டி.நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, பார்ட் பார்ட்டாகக் கழற்றிப் பார்த்தே மெக்கானிக் ஆனவர். 1920-இல் பொள்ளாச்சி - பழனி பஸ்ஸும், 1937-இல் மின் மோட்டாரும் அதற்கப்புறம் வந்தவை. அந்தச் சரித்திரத்தில் 'கழற்றி' என்கிற இடம் வரைக்கும் கோயமுத்தூரில் எல்லோரும் அவரைப் பின்பற்றுகிறோம்.

ஸ்பிரிங் ஏர் ரைபிளின் வயிற்றில் உண்மையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. குழலை மடக்கினால் கனத்த ஸ்பிரிங் ஒன்று சுருங்கி, பிஸ்டன் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நசுக்கும். நசுங்கிய காற்று குண்டைத் தள்ளும். பிஸ்டன் தலையில் ஒரு வாஷர். பழைய இந்திய ரைபிள்களில் அது தோல் வாஷர். அந்தக் காலத்து மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ்வில் இருந்ததே, அதற்குப் பெரியண்ணன். காய்ந்துபோனால் காற்று ஒழுகும், லேசாக எண்ணெய் காட்ட வேண்டும். எண்ணெய் காட்டுவதற்கும் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் பட்டறை அண்ணனுக்கு என்றைக்குமே பிடிபட்டதில்லை. எண்ணெய் மிகுந்தால், காற்று நசுங்கும் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். டீசல் என்ஜின் ஓடுவதும் இப்படித்தான். ஒருநாள் 'டப்' என்று வர வேண்டிய சத்தம் 'படார்' என்று வந்தது. குழல் முனையில் புகை.

"யாருடா அது, அப்பளத்தைக் கருக்கறது?" என்று உள்ளேயிருந்து அம்மா.

அண்ணன் புகையைப் பார்த்துப் பூரித்துப்போனார். "பார்த்தீங்களா, கம்ப்ரெஷன் நல்லா இருக்குதுங்!"

ஸ்கோப்புக்கு வருகிறேன். எங்கள் பொழுதில் முக்கால்வாசி அதற்குத்தான் போகிறது. விலை மலிந்த ஸ்கோப்பின் பெட்டியில் எல்லாமே இருக்கும்: துடைக்க மஞ்சள் துணி, இரண்டு பக்கமும் மூட மூடி, ஆலன் கீ, மேலே '3-9×40' என்று தங்க எழுத்து. மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர் என்று அர்த்தம். எதைப் பெரிதாக்கும் என்று போடுவதில்லை. இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றை 100 கஜத்துக்கு ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் சுடுவது 10 மீட்டரில். ஒன்பது மடங்கில் வைத்துப் பார்த்தால் குறி அட்டை தெரியாது. வெள்ளையாக ஒரு பனிமூட்டம் தெரியும், ஊட்டிக்குப் போய்வந்த திருப்தி மட்டும் இலவசம்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு, சொன்னால் பலர் நம்புவதில்லை. பெரிய வேட்டை ரைபிளில் வருடக்கணக்காகத் தாக்குப்பிடிக்கிற ஸ்கோப், சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைபிளில் செத்துப்போகும். பெரிய ரைபிள் பின்பக்கமாக மட்டும்தான் உதைக்கும். ஸ்கோப் செய்கிறவர்கள் உள்ளே இருக்கும் கண்ணாடிகளை அந்த உதைக்கு ஏற்றபடி இறுக்கியிருப்பார்கள். ஸ்பிரிங் ரைபிள் அப்படியில்லை. பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் நகரும். பிஸ்டன் முட்டி நிற்கிற கணத்தில் ரைபிள் முன்னால் துள்ளும். குண்டு குழலை விட்டுப் போவதற்குள் இரண்டு கூத்தும் நடந்து முடியும். எங்கள் முதல் ஸ்கோப்பில் நடுவே இருந்த கூட்டல் குறி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, தீபாவளிக்குள் பெருக்கல் குறி ஆகிவிட்டது. மாமா கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சரியாக இருக்கிறது என்று அப்படியே சில வாரம் சுட்டார்.

உள்ளே கழலாத ஸ்கோப் வெளியே ஊரும். ரைபிளின் முதுகில் 11 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டியிருக்கும் பள்ளத்தில் ரிங்கை மாட்டி இறுக்குகிறோம். ஒவ்வொரு சூட்டுக்கும் மொத்த ஸ்கோப்பும் ஒரு மயிரிழை பின்னால் வரும். கண்ணுக்கு வெகு பக்கத்தில் அது வந்து நிற்கும் நாளில்தான் தெரியும். ஒரு சின்ன ஸ்டாப்பர் பின் போட்டால் தீர்ந்தது. அண்ணன் சின்னதாக ஒன்றைச் செய்யும் ஜாதியா? ஈஎன்-8 இரும்பில் ஒரு கட்டை கடைந்து, மில்லிங் போட்டு, கறுப்புப் பூச்சு கொடுத்துக் கொண்டுவந்தார். ரைபிள் துருப்பிடித்து உதிர்ந்து போனாலும் அந்த ஸ்டாப்பர் அங்கேயே நிற்கும்.

மாட்டியாயிற்று, இனி ஸீரோ செய்ய வேண்டும், அதாவது கூட்டல் குறி காட்டும் இடத்திலேயே குண்டை விழ வைக்க வேண்டும். ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் திருகைத் திருப்பினால் 'கிளிக்' என்று கேட்கும். ஒரு கிளிக்குக்கு 100 கஜத்தில் கால் அங்குலம் நகரும் என்று கணக்கு. 10 மீட்டரில் அது முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. குண்டு ஐந்து சென்டிமீட்டர் இடது பக்கம் விழுந்தால் எழுபதுக்கும் மேல் கிளிக் போட வேண்டும். திருகின் மேல் ஓர் அம்புக்குறியும் 'ஆர்' என்ற எழுத்தும் இருக்கும். வலது பக்கம் நகரப்போவது குண்டா, கூட்டல் குறியா? குண்டுதான். ஆனால் இந்த வழக்கு எங்கள் வீட்டு ஹாலில் வாரா வாரம் புதிதாக விசாரணைக்கு வரும். இரண்டு தரப்பும் வாதாடி முடிப்பதற்குள் யார் எந்தப் பக்கம் எத்தனை கிளிக் திருப்பினார்கள் என்பது மறந்துவிடும். மறுபடி முதலில் இருந்து.

இதற்கெல்லாம் பத்து மீட்டர் நேர்கோடு வேண்டுமே. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். டி.பி. ரோடு சுற்றுவட்டாரத்தில் அந்த வீடுகள் எல்லாம் துணிக்கடையும் கிளினிக்குமாக மாறிவிட்டன. என் பிளாட்டில் பத்து மீட்டர் வேண்டுமென்றால் படுக்கையறைப் பீரோவுக்கு முதுகைக் கொடுத்து நின்று, ஹாலைத் தாண்டி, கடைசிச் சுவரில் குறி வைக்க வேண்டும். நடுவில் பூஜை அறை வாசல். அம்மா விளக்கேற்றும் நேரம் முழுக்கப் போர்நிறுத்தம். மற்ற நேரத்தில் கதவுகளைத் தாழ் போட்டு, எல்லோரையும் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் குழலை மடக்குவோம். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பஜ்ஜித் தட்டு பக்கம் போகக் கூடாது என்பது என் வீட்டு அம்மிணியின் தனிச் சட்டம். அது ஆயுத விதிகளைவிடக் கறாராக அமலில் இருக்கிறது.

குண்டைப் பிடிக்கும் பெட்டியைப் பற்றி மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கனமான மரப்பெட்டி, பின்பக்கம் இரும்புத் தகடு, உள்ளே திணித்திருப்பது திருப்பூர் பனியன் வேஸ்ட். பட்டறைகளில் கை துடைக்க மூட்டை மூட்டையாக வாங்குவார்களே, அதுதான். அதற்குள் போன குண்டு திரும்பி வந்ததே இல்லை. முன்னால் குறி அட்டையாக மைசூர்பா டப்பாவின் மூடி.

ஒருநாள் ஒலிம்பிக் விஷயத்தை எடுத்தேன். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர், கடுகில் பாதிகூட இல்லை. அதற்கு ஸ்கோப் கிடையாது, அனுமதியே இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துத்தான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அவங்களுக்கு வயசு இருக்குதுங்" என்றார் மாமா. "அப்பறம், அவங்க துப்பாக்கிய யாரும் இப்படி வாரா வாரம் பிரிக்கிறதில்லீங்" என்று அண்ணனைப் பார்த்தார்.

ஒருமுறை தொண்டாமுத்தூர் பெரியப்பா ஒறம்பரைக்கு வந்திருந்தார். ரைபிளைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுல பன்னி சாகுமா?"

"சாகாதுங் பெரியப்பா. கோவம்தான் வரும்."

"மயிலு? காட்டுல ஒரு பயிரை உடறதில்ல."

"ஐயோ, தொடவே கூடாதுங். ஏர்கன்ல அடிச்சாலும் வேட்டை வேட்டைதான். 1972-ஆம் வருசத்துச் சட்டம் உள்ள தூக்கி வெச்சுரும்."

"பின்ன எதைத்தான் சுடுவே?"

"அட்டைங்."

"அட்டையா? அதுக்கு வால்பாறைக்கில்ல போகோணும்!"

அவருக்கு இதில் பேச அதிகாரம் உண்டு. பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்தால் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எம்.பி. தேர்தல், எம்.எல்.ஏ. தேர்தல், உள்ளாட்சித் தேர்தல் என்று அது காட்டைவிட ஸ்டேஷனைத்தான் அதிகம் பார்த்திருக்கிறது. "அது எனக்குக் காவல் இருந்ததைவிட போலீஸ்காரங்க அதுக்குக் காவல் இருந்ததுதான் சாஸ்தி" என்பார்.

ரைபிளோடு மொட்டை மாடிக்குப் போவதில்லை. லைசென்ஸ் வேண்டாத வகை என்று விதி எண்ணோடு நான் விளக்குவதற்குள் பக்கத்து அபார்ட்மென்ட்காரர் 100-க்கு போன் போட்டிருப்பார். ஸ்கோப்பை மட்டும் கழற்றிக்கொண்டு போவோம். 100 கஜத்துக்கு மேல் அது வேறு பிறவி. மேற்கே மருதமலைக் கோபுரம் பளிச்சென்று வரும். மாமா ஸ்கோப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டே முருகனுக்கு ஒரு கும்பிடு போடுவார், இன்னொரு கையில்லாததால் பாதிக் கும்பிடு.

இப்போது ஆசை மேகசீன் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு குண்டாக எடுத்து, விரலால் திணித்து, குழலை மூடுவது அலுத்துவிட்டதாம். மேகசீன் லேசுப்பட்ட பார்ட் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். 1999-இல் கார்கில் குளிரில் நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைபிளுக்கு வந்த முக்கியமான புகார்களில் ஒன்று, அதன் பிளாஸ்டிக் மேகசீன் விரிசல் விட்டது. அண்ணன் அசரவில்லை. "ஆர்.எஸ்.புரத்துல என்னங் குளிரு?"

மேகசீன் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. ரைபிளுக்குப் போகலாம். குண்டுகளை வட்டமாக அடுக்கிய மேகசீன் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கொடுக்கும். உதை கிடையாது, ஸ்கோப்பும் சாகாது. புதிய யோசனையும் அல்ல. 1780-இலேயே ஆஸ்திரிய ராணுவத்தில் ஜிராண்டோனி என்கிற காற்று ரைபிள் இருந்தது. இருபது குண்டு மேகசீன், காற்று அடைத்த கலயமே அதன் பின்கட்டை. 1804-இல் அமெரிக்காவின் மேற்கே புறப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கலயத்தை நிரப்ப சுமார் 1,500 தடவை பம்பு அடிக்க வேண்டும் என்பதை நான் கடைசியில்தான் சொன்னேன்.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. கார் டயருக்கு 2 பார் சொச்சம் அழுத்தம் போதும்; இதற்கு 200 பாருக்கு மேல். கைப்பம்பு நின்றுகொண்டு அடிக்கும் ரகம், தொப்பையும் கூடவே இறங்கும் என்று அம்மிணி மட்டும் உடனே சம்மதித்துவிட்டாள். நாட்டுக்கே பம்பு செய்து அனுப்பும் ஊரில், விலைக்கு ஒரு பம்பு வாங்குவதா என்று அண்ணனுக்கு மானப் பிரச்சினை. தானே கடைந்துவிடுவதாகச் சொன்னார்.

"200 பாருங்! தாங்காட்டி பட்டறையே போயிரும்" என்றார் மாமா. "பேசாம கம்பெனி பம்பு வாங்கிருவோம்."

வாங்கினோம். வந்த அன்று சாயங்காலமே அது ஆவாரம்பாளையத்துக்குப் போய்விட்டது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். மேசையில் நியூஸ் பேப்பர் விரித்து மூன்று குழாயும் ஒன்றுக்குள் ஒன்று போகிற வரிசையில் கிடக்கின்றன. அண்ணன் வெர்னியரை வைத்து ஓ-ரிங்குகளை அளந்து, பேப்பர் ஓரத்திலேயே எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பம்பால் காற்றடிக்க வேண்டிய ரைபிளை நாங்கள் இன்னும் வாங்கவில்லை என்று நினைவூட்டினேன்.

"அதுக்கென்னங் அவசரம்?" என்றார். "முதல்ல இதை மாட்டிப் பார்ப்போம். ஒரு ஸ்குரூ மிச்சம் வருது."